யோசனை கேட்க நாலு பேர் வேண்டும், சரி. அந்த நாலு பேர் யார்?

தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 28. திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அப்பா தவறிய பிறகு ஊருக்கே வந்துவிட்டார். நாலு ஏக்கர் நிலம். கடன் போட்டு, நெல் நாற்று நடுகிற ஒரு நடவு இயந்திரம் வாங்கி வாடகைக்கு ஓட்டலாமா என்று யோசனை. கூடப் படித்தவர் வாங்கு என்கிறார், தாய்மாமா சிங்கப்பூர் போ என்கிறார், அம்மா முதலில் கல்யாணத்தை முடி என்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருக்கிறது, தனக்கு அப்படி யாரும் இல்லை, நம்பி யோசனை கேட்க நாலு பேரை எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். கடன் கேட்டு வருகிறவர் எதிரில் உட்கார்ந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, இதைப் பற்றி யார் யாரிடம் பேசினீர்கள் என்பதுதான். "எல்லாரும் நல்லா இருக்கும்னு சொல்றாங்க சார்" என்று சொல்பவரைவிட, "ரெண்டு பேர் வேண்டாம்னாங்க, இன்ன காரணம் சொன்னாங்க, அதுக்கு நான் இப்படி யோசிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்பவர்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். பார்த்தவரையில் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வகை.

நாலு பேரைச் சேர்ப்பது என்றதும் ஊரில் பெரிய மனிதர்களைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர், ரைஸ் மில் முதலாளி, கட்சிக்காரர், சென்னையில் பெரிய வேலையில் இருக்கிற சித்தப்பா மகன். இவர்களைத் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்றால் உதவும். யோசனை என்று வரும்போது தேட வேண்டிய ஆள் வேறு. அந்த வேலையை உங்களைப் போன்ற நிலைமையில் இருந்துகொண்டு தன் கையால் செய்து பார்த்தவராக இருக்க வேண்டும். உங்கள் முடிவால் அவருக்கு ஒரு ரூபாய் வரவும் கூடாது, போகவும் கூடாது. முகத்துக்கு நேரே "வேண்டாம்ப்பா" என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். இது மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம், அதனால்தான் ஒருவர் போதாமல் நாலு பேர் வேண்டியிருக்கிறது.

'உங்களைப் போன்ற நிலைமையில்' என்றேனே, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம் காவிரி டெல்டாவில் நல்ல மனிதர் நல்ல மனசோடு சொன்ன யோசனைகூடத் தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் நடவு இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணம், பாபநாசம் பக்கம் போர்செட் வைத்திருக்கிற விவசாயியிடம் போய்க் கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பார். அவருக்கு நிலத்தடி நீர் நன்றாக இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஏடிடி 36, ஏடிடி 43 மாதிரிக் குறுகிய கால நெல் ரகத்தைக் குறுவைக்குப் போட்டுவிடுவார், அப்புறம் அடுத்த போகமாகச் சம்பாவோ தாளடியோ. வருஷத்தில் இரண்டு நடவு, ஆள் பற்றாக்குறை, இயந்திரத்துக்கு வேலை இருக்கிறது. திருத்துறைப்பூண்டி கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, ஆற்றுத் தண்ணீர் கோரையாற்றிலும் முள்ளியாற்றிலும் வந்து வாய்க்கால் ஏறினால்தான் உண்டு. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாததால்தானே நிறையப் பேர் நாற்றே விடாமல் சம்பாவை நேரடி விதைப்பாகத் தெளித்துவிடுகிறார்கள்? நேரடி விதைப்பு செய்கிற வயலில் நடவு இயந்திரத்துக்கு என்ன வேலை? நடவு போடுகிற வயலிலும் வழக்கமான நாற்றங்கால் இதற்கு ஆகாது, பாய் மாதிரிச் சுருட்டி எடுக்கும்படி நாற்று வளர்க்கிற பாய் நாற்றங்கால் விட வேண்டும், நாற்று வயது 15 நாளை ஒட்டி இருக்க வேண்டும், வயல் மட்டமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. ஒரு மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் பாயாகச் சுருட்டி வைத்த நாற்று முற்றிக்கொண்டே போகும், வண்டி கரையில் நிற்கும்.

பாபநாசத்துக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் வயலுக்கு அது சரியான யோசனை. ஆகவே ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பதற்கு முன்னால் அவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தண்ணீர் எதில் வருகிறது, கடனில் வாங்கினீர்களா கைக்காசா, வீட்டில் வேறு சம்பளம் உண்டா, வண்டியை நீங்களே ஓட்டினீர்களா ஆப்பரேட்டர் வைத்தீர்களா, சீசனில் எத்தனை நாள் ஓடியது, மற்ற மாதங்களில் தவணையை எதிலிருந்து கட்டினீர்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிட்டாலே வாங்கலாமா வேண்டாமா என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. தொழிலுக்கு மட்டும் சொல்லவில்லை. சிங்கப்பூர் போகச் சொல்கிற மாமா அங்கே எந்த வருஷம் போனார், எந்த வேலைக்குப் போனார், அப்போது ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினார், ஊரில் கடன் இருந்ததா, கல்யாணம் ஆகியிருந்ததா? அவர் போன காலத்துச் சிங்கப்பூர் வேறு, இப்போதைய சம்பளமும் செலவும் வேறு. மாமாவை மதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மாமாவோடு சேர்த்து, போன இரண்டு வருஷத்துக்குள் அதே மாதிரி வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு பையனையும் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று, வாங்கினவரை மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். வாங்கி, ஓட்டிப் பார்த்து, விற்றவரைத் தேடிப் பிடியுங்கள். அவர்தான் உங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆள். வைத்திருக்கிறவர் தான் செய்ததை நியாயப்படுத்தித்தான் பேசுவார், அது மனுஷ சுபாவம். விற்றவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உதிரி பாகம் எங்கிருந்து வர வேண்டியிருந்தது, வாடகை பாக்கி எவ்வளவு நின்றது, அறுவடை முடிந்து தருகிறேன் என்றவர் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நெல்லை எடுக்காததால் தை போய் மாசியிலும் காசு தரவில்லை, அதுவரை இவர் டீசலுக்குக் கைமாற்று வாங்கினார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அப்படிப்பட்டவரைப் பார்க்கத் தயங்குகிறார்கள், தோற்றுப்போனவரிடம் என்ன கேட்பது என்று. தோற்றவர் என்று யார் சொன்னது? நஷ்டம் பெரிதாகும் முன் கணக்குப் பார்த்து நிறுத்தியவராகவும் இருக்கலாம்.

அடுத்தது லாபநஷ்டம். உங்கள் முடிவில் யாருக்கு என்ன வரும் என்று ஒவ்வொருவரையும் பற்றி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கம் பயிர் மஞ்சளடித்தால் என்ன செய்கிறோம்? இரண்டு தூரைப் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார், மேஜைமேல் மூன்று பாட்டிலை எடுத்து வைக்கிறார். அது வெறும் துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டில் தீர்கிற விஷயமாக இருக்கலாம், இல்லை வெறுமனே தண்ணீரை வடித்துவிட்டால் போதும் என்றும் இருக்கலாம். ஆனால் தண்ணீரை வடி என்று சொன்னால் கடையில் என்ன விற்பனை ஆகும்? அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. கடனுக்கு உரம் கொடுக்கிறவர், அவசரத்துக்கு உதவுகிறவர், கல்யாணத்துக்கு மொய் வைக்கிறவர். இருந்தாலும் அவர் சொல்வது வியாபாரியின் யோசனை, அதை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் விற்கிற டீலருக்கும் இதுதான், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜெண்டுக்கும் இதுதான். நான் வேலை பார்த்த துறையையும் விட்டுவிடாமல் சொல்கிறேன், வங்கி அதிகாரிக்கு மார்ச் மாதம் இலக்கு முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் "தைரியமா போடுங்க தம்பி" என்றால், அந்தத் தைரியம் கொஞ்சம் அவருடைய தேவையிலிருந்தும் வருகிறது.

உங்கள் சிநேகிதர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அவர் இந்தத் தொழிலில் பங்கு கேட்கப்போகிறாரா, அந்த டீலருக்குச் சொந்தமா, இல்லை நீங்கள் ஊரிலேயே இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசையா? கடைசியாகச் சொன்னதும் ஒரு லாபம்தான். அம்மாவுக்கும் அப்படியே. பிள்ளை கண்முன்னால் இருக்க வேண்டும், ஒரு நல்லது நடந்துவிட வேண்டும் என்ற பயமும் பாசமும் கலந்துதான் அவர் வாயிலிருந்து யோசனை வரும். வீட்டாரைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பீர்கள், எதை ஆரம்பித்து எதைப் பாதியில் விட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் நடவு இயந்திரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், "நான் ஒரு வேலையை எடுத்தா முடிக்கிற ஆளா, நீ உண்மையைச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள்.

முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் என்றேன். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக உ.வே. சாமிநாதையர் சேர்ந்தபோது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு பெற்றவர், அந்த வேலையிலிருந்த தியாகராச செட்டியாரே ஓய்வு பெறும்போது சிபாரிசு செய்து உட்கார வைத்த ஆள். யாரைப் பார்த்தாலும் பாராட்டுகிற காலம். அந்தச் சமயத்தில் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். சாமிநாதையர் போய்ப் பார்த்து, தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று நீளமாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, இதற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். படித்ததில்லை. பல வருஷப் படிப்பையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவைத்த அந்த மனிதரிடம் சாமிநாதையர் கோபித்துக்கொண்டு வந்துவிடவில்லை. திரும்பத் திரும்பப் போனார். முதலியாரும் குறை சொன்னதோடு நிறுத்தாமல் சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கையில் கொடுத்து, கூட உட்கார்ந்து பாடமும் கேட்டார். சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் வரும் சமய விஷயங்கள் புரியாமல் நின்றபோது சாமிநாதையர் கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரோ திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்தவர். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது, அப்புறம் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு.

இதில் நான் கவனிக்கிறது இரண்டு விஷயம். மகாவித்துவானைப் போல ஒரு குரு கிடைத்தவருக்கே பத்தவில்லை, வேறு இடத்திலிருந்து வந்த ஒரு முன்சீப் தேவைப்பட்டார். நம்மை நேசிக்கிறவர்கள் நாம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற பாதையில் இன்னும் வேகமாகப் போகச் சொல்வார்கள். அந்தப் பாதையே சரியா என்று கேட்க வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது. அடுத்தது, குற்றம் சொல்கிறவர் எல்லாரும் இந்த வகை இல்லை. மட்டம் தட்டுகிறவர் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், நமக்கு நல்லது நினைக்கிறவர் சொல்லிவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று பிரதியைத் தேடி எடுத்துக் கையில் கொடுப்பார். யார் எந்த ரகம் என்று இதை வைத்துப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள்.

சரி, எப்படிப் போய்க் கேட்பது? "ஐயா, எனக்கு நீங்கதான் வழிகாட்டணும்" என்று யாரிடமும் போய் நிற்காதீர்கள். கேட்கிறவருக்கு அது பாரம். என்ன எதிர்பார்க்கிறான், பணமா, சிபாரிசா, பொறுப்பேற்றுக்கொள்ளச் சொல்கிறானா என்று பயந்து ஒதுங்கிவிடுவார். சின்னதாக, பதில் சொல்லக்கூடியதாக ஒன்றைக் கேளுங்கள். ரிடையரான வேளாண் அலுவலர் ஒருவர் மன்னார்குடியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு, காலையில் அவர் செய்தித்தாள் படித்து முடிக்கிற நேரமாகப் பார்த்துப் போகிறீர்கள். "சார், நான் இன்னார் மகன், நம்ம பக்கம் நாலு கிராமத்துல எத்தனை ஏக்கர் நடவு, எத்தனை ஏக்கர் தெளிப்புன்னு விசாரிச்சு எழுதிட்டு வந்திருக்கேன். இந்தக் கணக்கு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டை நீட்டுங்கள். அந்த நோட்டைப் பார்த்ததுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். வேலை செய்துவிட்டு வந்திருக்கிற பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எந்தப் பெரியவருக்கும் சந்தோஷம்தான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இந்த ஊர்ல நீ எழுதியிருக்கிறது போன வருஷக் கணக்குப்பா, இந்த வருஷம் தண்ணி முன்னாடியே வந்துச்சு" என்று ஆரம்பிப்பார். அரைமணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வதில்லை. திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கழித்து, "சார், நீங்க சொன்ன மாதிரி அந்த ஊர்ல மறுபடி விசாரிச்சேன், நீங்க சொன்னதுதான் சரி, அதனால இப்படி மாத்திக்கிட்டேன்" என்று போய்ச் சொல்லுங்கள், இல்லை போனிலாவது சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்யவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள், ஏன் செய்யவில்லை என்று காரணத்தோடு. நமக்கு ஒருவர் ஆலோசகராக ஆவது முதல் தடவை கேட்கும்போது அல்ல, இந்த இரண்டாவது தடவைதான். தன் வார்த்தைக்கு இவன் மதிப்பு கொடுக்கிறான், எடுத்துக்கொண்டு போய் ஏதோ செய்திருக்கிறான் என்று தெரிந்தபிறகு அவரே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் நீங்கள் கேட்காமலே, "தம்பி, ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு" என்று போன் வரும். நான் பார்த்த நல்ல உறவுகள் எல்லாம் இப்படித்தான் கெட்டிப்பட்டன. தேவை வரும்போது மட்டும் வந்து நிற்கிறவனுக்கு மரியாதைக்கு ஒரு பதில் கிடைக்கும், அவ்வளவுதான். பொங்கலுக்கு ஒரு வணக்கம், அறுவடை முடிந்ததும் புது அரிசி கொஞ்சம், உடம்புக்கு முடியவில்லை என்றால் போய்ப் பார்ப்பது, இதெல்லாம் நம் ஊர்ப் பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய அன்பளிப்பு வேண்டாம், அது உறவைக் கெடுக்கும்.

நம்பிக்கையை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கிராமத்தில் இது உண்மையான கவலைதான், காலையில் ஒருவரிடம் சொன்னது சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிடும். முதலில் வெளியே போனாலும் பரவாயில்லை என்கிற அளவில் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அது எங்கேயும் வராமல் இருந்தால் அடுத்ததைச் சொல்லுங்கள். இன்னொரு வழி, அவர் உங்களிடம் மற்றவர்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்று கவனிப்பது. அடுத்த வீட்டுக் கடன் கணக்கை உங்களிடம் பேசுகிறவர் உங்கள் கடன் கணக்கை எங்கே பேசுவார்? எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டாம். தொழிலுக்கு யோசனை சொல்கிறவருக்கு உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பிரச்சினை தெரிய வேண்டியதில்லை.

பலர் தவிர்க்கிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் தெரு தெருவாகப் பிரிந்துதான் இருக்கிறோம். யோசனை கேட்கிற நாலு பேரும் நம் தெருக்காரர்களாகவே, நம் சாதிக்காரர்களாகவே, ஆண்களாகவே இருந்துவிடுகிறார்கள். நாலு பேர் போலத் தெரிந்தாலும் ஒரே ஆள் நாலு தடவை பேசுவது போலத்தான். நடவைப் பற்றி உங்கள் பகுதியில் யாருக்கு அதிகம் தெரியும்? முப்பது வருஷமாகக் கோஷ்டி சேர்த்து நடவுக்கு அழைத்துப் போகிற அம்மா ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். எந்த மிராசுதாருக்கு எப்போது ஆள் கிடைக்கவில்லை, யார் கூலியை இழுத்தடிப்பார், எந்த வயல் முழங்கால் அளவு புதையும் என்று அத்தனையும் அவருக்கு அத்துப்படி. இயந்திரம் வந்தால் அவருடைய கோஷ்டிக்கு வேலை குறையும் என்பதையும் மறக்கக் கூடாது, அதையும் வெளிப்படையாகப் பேசுங்கள், அவர் சொல்வதைக் கணக்கில் எடுங்கள். நீங்கள் மரியாதையோடு போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், எந்த ஆபீசிலும் கிடைக்காத தகவல் கிடைக்கும். இதைப் படிக்கிற பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் யோசனை வட்டம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதி, வங்கிக்கு அலைந்து, கடன் வாங்கித் திருப்பிய அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆள் தெரியவே தெரியாது என்கிற விஷயங்களுக்கு அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களை உரிமையோடு கேட்கலாம், நிறையப் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. உங்களுக்கு நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம்தான். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து இருக்கிறது. வேளாண் பொறியியல் துறையே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, எந்த மாதத்தில் எவ்வளவு கேட்டு வருகிறார்கள் என்று அங்கே விசாரியுங்கள், மானியம் பற்றியும் டீலர் சொல்வதை நம்பாமல் அங்கேயே கேளுங்கள். போனில் என்றால் விவசாயிகள் அழைப்பு மையம் 1800-180-1551. நிலத்தில் வில்லங்கம், ஒப்பந்தம், பாகம் என்று சட்டச் சிக்கல் என்றால் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வெளிநாட்டு ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டு மாமாவோடு பேசுங்கள்.

நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால் என்ன செய்வது? கட்டாயம் அப்படித்தான் சொல்வார்கள். முடிவை எண்ணாதீர்கள், மூன்று பேர் சரி என்றார்கள் ஒருவர் வேண்டாம் என்றார் என்று ஓட்டுப் போடுகிற விஷயம் இல்லை இது. காரணத்தை எழுதி வையுங்கள். வேண்டாம் என்ற ஒருவர் சொன்ன காரணத்தை மற்ற மூன்று பேரிடமும் கொண்டுபோய், "இதுக்கு என்ன சொல்றீங்க" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றால் அந்த மூன்று சரிக்கும் மதிப்புக் குறைவு. கடைசியில் முடிவு உங்களுடையது, தவணை கட்டப்போவதும் நீங்கள்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் சொன்னார் செய்தேன் என்று யாரையும் கைகாட்டக் கூடாது. ஒருமுறை அப்படிச் செய்தால் ஊரில் வேறு யாரும் உங்களுக்கு வாய் திறக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் கிடைப்பார் என்று காத்திருக்கவும் வேண்டாம். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கல்லூரிப் படிப்பில் தேறாமல் வேலை தேடி அலைந்தபோது அவருக்குக் கைகொடுத்தவர்களைப் பாருங்கள். 1910-இல் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் வேலை கேட்டுப் போனார். இவரைத் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகப் போட்டு வீணாக்கக் கூடாது என்று நினைத்த அவர், சென்னையில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சில காலம் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே அலுவலகத்தில் மேலே இருந்த நாராயண ஐயர் கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். லண்டனில் ஹில் என்ற பேராசிரியர் இவர் எங்கே சறுக்குகிறார் என்று சுட்டிக்காட்டி எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று எழுதினார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், மறு வருஷம் அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நெவில் என்பவர் சென்னைக்கு வந்தபோது நேரில் பேசி இங்கிலாந்து வரச் சம்மதிக்க வைத்ததும் அதற்கப்புறம்தான். ஒருவர் கடிதம், ஒருவர் பணம், ஒருவர் வேலை, ஒருவர் திருத்தம். யாரும் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை, அவரும் ஒருவரிடமே எல்லாவற்றையும் எதிர்பார்த்து உட்கார்ந்துவிடவில்லை, நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதத்துக்குள் பார்க்க வேண்டியவர்கள்: உங்கள் தாலுகாவிலேயே நடவு இயந்திரம் வைத்திருந்து விற்ற ஒருவர், நடவுக் கோஷ்டி வைத்திருக்கும் அந்த அம்மா, வேளாண் பொறியியல் துறையில் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து அண்மையில் திரும்பிய ஒரு பையன். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள், திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அதற்குள் முன்பணம் கட்டச் சொல்லி டீலர் அவசரப்படுத்துவார், சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்பார். ஒரு சம்பா நடவு முடிகிறவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த சீசனில் ஏற்கெனவே வண்டி ஓட்டுகிற ஓர் ஆப்பரேட்டரோடு கூடமாட வேலைக்குப் போங்கள், சம்பளம் கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை. மெக்கானிக்கல் படித்தவர் நீங்கள், வண்டி சேற்றில் நின்றுபோய் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் உங்களை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.